நோய்க் கண்காணிப்பு ஆப்களைச் சுகாதாரப் பணியாளர்கள் எப்போது ஏற்கிறார்கள்?

சென்னையில் பொது சுகாதார முதுகலை படிக்கும் ஒருவர் தன் ஆய்வுக்காகக் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஐ.எச்.ஐ.பி., நிக்‌ஷய், பிக்மி, யூவின் என்று நோய், கர்ப்பம், தடுப்பூசி விவரங்களைப் பதிவு செய்ய எத்தனையோ போர்ட்டல்கள் வந்துவிட்டன. பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. ஆனாலும் செவிலியர்கள் அவற்றைச் சுமையாகத்தான் பார்க்கிறார்கள். தனியார் டாக்டர்கள் பலர் பதிவே செய்வதில்லை. இவர்களை ஏற்க வைப்பது எது? தொழில்நுட்ப ஏற்பு மாதிரிகளை வைத்து இதை ஆராயலாமா?"

ஆராயலாம், ஆனால் ஒரு புதுக் கருவியை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று விளக்கும் அந்த மாதிரிகளை அப்படியே எடுத்து வைக்க முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். சமூக மருத்துவம் படித்து, சென்னையின் சுகாதார நிலையங்களோடு நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பைக் கையாளத் தெரியாததால் வரும் சிக்கல் மிகக் கொஞ்சம். கைபேசியில் பணம் அனுப்புகிற, வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க முகாம் படங்களைப் போடுகிற ஒரு செவிலியருக்குப் படிவம் நிரப்புவது பெரிய வித்தை அல்ல. அவர் அனுப்பிய தகவலால் என்ன நடந்தது என்று யாரும் அவரிடம் திரும்பிச் சொல்வதில்லை. ஏற்பு நின்றுபோவது அங்கேதான்.

அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 நவம்பரில் உலக வங்கி உதவியோடு தொடங்கியது. அதில் மூன்று படிவங்கள். களத்தில் இருக்கும் செவிலியர் அறிகுறிகளை வைத்து நிரப்புவது எஸ் படிவம்: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, இருமல் என்று. டாக்டர் தன் அனுமானத்தை வைத்து நிரப்புவது பி படிவம். பரிசோதனைக்கூடம் உறுதி செய்ததைச் சொல்வது எல் படிவம். வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை மேலே போகும். 2021 ஏப்ரலில் இதை ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம், அதாவது ஐ.எச்.ஐ.பி., என்ற இணைய அமைப்புக்கு நாடு முழுவதும் மாற்றினார்கள். கண்காணிக்கும் நோய்கள் 18-லிருந்து 33 ஆயின. வாரக் கணக்கு போய், ஒவ்வொரு நோயாளியையும் பெயர், வயது, முகவரியோடு அன்றன்றே பதிவு செய்யும் முறை வந்தது.

தொற்றுநோயியல் படித்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமே வராது. "இந்த வாரம் வயிற்றுப்போக்கு 40" என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அந்த 40 பேரில் பாதிப்பேர் வியாசர்பாடியில் ஒரே குடிநீர்க் குழாய்த் தடத்தில் இருக்கும் இரண்டு தெருக்களைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தால், அன்று மாலையே லாரித் தண்ணீர் விடலாம், குழாயில் சாக்கடை கலக்கும் இடத்தைத் தோண்டிப் பார்க்கலாம். முகவரியோடு கூடிய பதிவு உயிரைக் காப்பாற்றும். அதனால் இந்த அமைப்புகளை வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். அவை வேலை செய்தே ஆக வேண்டும் என்று நினைப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆனால் இந்த முன்னேற்றத்துக்கான விலையைக் கொடுப்பது யார்? ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு நகர்ப்புற சுகாதார செவிலியரின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் பதிவு பிக்மியில். குழந்தைகளின் தடுப்பூசி யூவினில். காசநோய் சந்தேகம் என்றால் நிக்‌ஷய். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றால் தொற்றா நோய்களுக்கான தனி ஆப். காய்ச்சல் என்றால் ஐ.எச்.ஐ.பி. இதற்கு நடுவே மழைக்காலம் வந்தால் முகாம் விவரம் ஒரு கூகுள் ஷீட்டில், அதன் படம் வாட்ஸ்அப்பில். இத்தனைக்கும் மேலே காகித ரெஜிஸ்டரும் உண்டு, ஏனென்றால் தணிக்கைக்கு வருகிறவர் கேட்பது ரெஜிஸ்டரைத்தான். ஒரே தாயின் பெயரை, ஒரே கைபேசி எண்ணை, ஒரே முகவரியை மூன்று நான்கு இடங்களில் அடிக்க வேண்டும். ஓர் ஆப் கேட்கும் ஓடிபி, வேலைக்குப் போயிருக்கும் கணவனின் போனுக்குப் போகும். "அவருக்குப் போன் போட்டுக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவார். திரும்பி வருவதற்குள் திரை காலாவதி ஆகியிருக்கும்.

இந்த நிலையில் பணியாளர் என்ன செய்வார்? பகலில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ராத்திரி வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு பதிவேற்றுவார். அல்லது வாரக் கடைசியில் மொத்தமாக. அன்றன்றே வர வேண்டிய தகவல் மூன்று நாள் தள்ளி வரும். தேதி மட்டும் சரியாக இருக்கும். மேலே இருப்பவருக்கு டேஷ்போர்டில் எல்லாம் பச்சையாகத் தெரியும். இதை நான் பணியாளரின் நேர்மைக் குறைவாகப் பார்க்கவில்லை. அந்த அமைப்பு அவருக்கு விட்டுவைத்திருக்கும் ஒரே வழி அதுதான்.

சரி, மாதிரிகளுக்கு வருவோம். உங்கள் துறையில் அதிகம் எடுத்தாளப்படுவது இரண்டு. ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி: ஒரு கருவி பயன்படும் என்று ஒருவர் நம்புகிறாரா, அதைக் கையாள்வது எளிது என்று நம்புகிறாரா, இந்த இரண்டும் அவர் அதைப் பயன்படுத்துவாரா என்பதைத் தீர்மானிக்கும். அடுத்து 2003-ல் வெங்கடேஷும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த எட்டு மாதிரிகளைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அதில் நான்கு காரணிகள்: எதிர்பார்க்கும் பயன், எதிர்பார்க்கும் உழைப்பு, சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு, வசதி செய்து தரும் சூழல். வயது, பாலினம், அனுபவம், விருப்பமா கட்டாயமா என்பவை இந்த நான்கின் வலுவையும் கூட்டும், குறைக்கும்.

உங்கள் ஆய்வுக்கு உயிர்நாடி அந்தக் கடைசி விஷயம்தான். அரசு செவிலியருக்கு ஐ.எச்.ஐ.பி.யைப் பயன்படுத்தாமல் இருக்கும் உரிமை கிடையாது. "வரும் மாதங்களில் இந்த ஆப்பைப் பயன்படுத்த எண்ணியுள்ளீர்களா?" என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டால் எல்லோரும் ஐந்துதான் போடுவார்கள், பக்கத்தில் மருத்துவ அலுவலர் நிற்கும்போது வேறென்ன போடுவார்கள்? 2003 ஆய்விலேயே கட்டாயம் உள்ள இடங்களில்தான் மற்றவர்களின் செல்வாக்கு எடுபட்டது, அனுபவம் கூடக்கூட அதுவும் தேய்ந்தது. ஆகவே மேலதிகாரி சொல்லித் தொடங்கி வைத்த வேகம் நிலைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதிரிகள் உழைப்பவரும் பயன் பெறுபவரும் ஒரே ஆள் என்ற எண்ணத்தில் பிறந்தவை. அலுவலகத்தில் ஒரு புது மென்பொருள் வந்தால் அதைக் கற்றுக்கொள்பவரின் வேலைதான் சுலபமாகும். நோய்க் கண்காணிப்பில் உழைப்பு செவிலியருடையது, பயன் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்து மாநில சுகாதார அலுவலகத்திலோ டெல்லியிலோ உட்கார்ந்து வரைபடம் பார்ப்பவருடையது. "உங்களுக்குப் பயன்படுகிறதா?" என்ற கேள்வியையே இங்கே "யாருக்கு?" என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

பயன் கண்ணில் தெரிந்த இடங்களில் நம் பணியாளர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் தொடங்கிய தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தில் 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை கால் தளர்ந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும். 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள், பனிக்குளிர்ச்சியில் பரிசோதனைக்கூடத்துக்கு. நம் பகுதிக்கு அந்தக் கூடம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். 60 நாள் கழித்து மறுபடி குழந்தையைப் பார்த்து, பலவீனம் மீதம் இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். எந்தக் குழந்தையும் வராத வாரத்திலும் "இல்லை" என்று அறிக்கை அனுப்ப வேண்டும். இவ்வளவு கெடுபிடியான வேலையைத் தனியார் குழந்தை நல டாக்டர்கள், எலும்பு டாக்டர்கள், ஊர் வைத்தியர்கள் வரைக்கும் செய்தார்கள். 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-ல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியாவுக்குப் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று.

அது ஆப் இல்லாத காலம். அப்புறம் எப்படி நடந்தது? கண்காணிப்பு மருத்துவ அலுவலர் ஒருவர் நேரில் வந்தார். டாக்டர் போன் செய்தால் அந்தக் குழந்தையைப் பார்க்க ஆள் வந்தது. மல மாதிரியின் முடிவு தகவல் சொன்ன டாக்டருக்கே திரும்பி வந்தது. "இல்லை" என்ற அறிக்கைக்குக்கூட மதிப்பு இருந்தது. தகவல் சொன்னால் ஏதோ நடக்கும் என்ற நம்பிக்கை உருவானது. அந்த நம்பிக்கையைத்தான் ஏற்பு என்று நான் சொல்கிறேன்.

இதற்கும் முன்னால் நம் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. 1980-களில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் சி.எம்.சி.யின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜானின் குழு ஒரு மாவட்டக் கண்காணிப்பு அமைப்பை நடத்தியது. கருவி என்ன தெரியுமா? அச்சடித்த தபால் அட்டை. குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்றைப் பார்த்தால் டாக்டர் அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான். வந்த தகவல் மாவட்ட சுகாதார அதிகாரிக்குப் போய் நடவடிக்கை எடுக்கப்பட்டது. மாதம் ஒரு மடல் தகவல் கொடுத்த அத்தனை பேருக்கும் போனது: எங்கே என்ன நோய், என்ன செய்தார்கள் என்று. தனியார் மருத்துவமனைகளும் அதில் பங்கெடுத்தன. இந்த அனுபவத்தை அவர்கள் 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள், உங்கள் ஆய்வுக்கு அவசியம் தேடிப் படியுங்கள். ஒரு தபால் அட்டை சாதித்ததை இத்தனை விலையுயர்ந்த போர்ட்டல்கள் ஏன் சாதிக்கவில்லை என்ற கேள்வி ஓர் ஆய்வுக்கே போதுமானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்டலில் ஒரு முதுகலை மாணவி சேகரித்த ரத்த மாதிரிகள் 1986-ல் சோதனைக்குப் போனதும் இதே வேலூருக்குத்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரியவந்தது. இது உங்கள் கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாத செய்தி. ஆனாலும் நம் மாநிலத்தில் கண்காணிப்புக்கு என்ன மாதிரி மரபு இருக்கிறது என்பதை உங்களைப் போன்றவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்றைக்கும் நன்றாக வேரூன்றிய அமைப்புகள் இருக்கின்றன. பிக்மியைச் செவிலியர்கள் எவ்வளவு குறை சொன்னாலும், பதிவாகாத கர்ப்பிணியைப் பார்ப்பது அரிது. காரணம் தாயே கேட்கிறார். பிக்மியில் பதிந்தால் கிடைக்கும் ஆர்.சி.எச். எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகராது. கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் கிடைக்காது. தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கிறவர்கூட "எண் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்புகிறார். நிக்‌ஷயிலும் இதே கதை. காசநோயைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2012 மே மாதம் அறிவித்தார்கள். 2018 மார்ச்சில் தெரிவிக்காவிட்டால் தண்டனை என்று அரசிதழில் வந்தது. ஆனால் ஒரு நோயாளி "சிஸ்டர், என் பேரை ஏத்தியாச்சா?" என்று கேட்கத் தொடங்கியது 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வந்த பிறகுதான். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். தனியார் டாக்டர்கள் விஷயத்திலும் சட்டத்தைவிட உதவி அதிகம் வேலை செய்தது. 2014 வாக்கில் மும்பை, பாட்னா, மெஹ்சானா ஆகிய ஊர்களில் நடந்த முன்னோடித் திட்டங்களில் பதிவு வேலையை டாக்டரின் தலையில் கட்டாமல் இடைநிலை அமைப்பு ஒன்றிடம் விட்டார்கள். நோயாளிக்கு இலவசப் பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன. அறிவிப்பு எண்ணிக்கை பெருமளவு உயர்ந்தது.

என்னை மிகவும் நம்பிக்கை கொள்ள வைக்கும் உதாரணம் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். 2022 ஏப்ரலில் தொடங்கியது. அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் மாநில அரசுடன் சேர்ந்து வேலை செய்கிறது. காசநோய் என்று தெரிந்தவுடன் செவிலியர் சில விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், ஆள் பிடிமானம் இல்லாமல் நிற்கிறாரா. ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை, சில நிமிட வேலை. இதில் நிலைமை மோசம் என்று வந்தால் நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு நடக்கும். இங்கே செவிலியர் எழுதும் எண் டெல்லி வரைபடத்துக்காக எழுதப்படுவதில்லை. தன் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அன்றைக்கே என்ன செய்ய வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. இப்படி ஒரு தகவலை யார் நிரப்பாமல் விடுவார்கள்?

அடுத்து அச்சம். ஏற்பு பற்றிய ஆய்வுகளில் போதிய இடம் கிடைக்காதது இதுதான் என்பது என் எண்ணம்.

டெங்குவைப் பாருங்கள். அரசு கணக்கில் டெங்கு என்று சேர எலைசா என்ற ஆய்வக முறையில் உறுதியாக வேண்டும்: முதல் ஐந்து நாளுக்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதன் பிறகு உடலின் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா தட்டு ஒன்றில் பல மாதிரிகளைச் சேர்த்துப் போட வேண்டும் என்பதால் முடிவு வரக் காத்திருக்க வேண்டும். வேளச்சேரியில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் டாக்டர் காத்திருக்க மாட்டார், சில நிமிடத்தில் முடிவு காட்டும் கார்டு சோதனையில் கோடு தெரிந்ததும் சிகிச்சை தொடங்குவார். அது நியாயம்தான். அவர் அதைத் தெரிவித்தால் என்ன நடக்கிறது? "கார்டு டெஸ்ட்டை வைத்து ஏன் டெங்கு என்றீர்கள்?" என்று ஒரு போன். அடுத்த நாள் ஆய்வுக்கு ஆள். மொட்டை மாடித் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நோட்டீஸ். நோயாளியின் தெருவில் மருந்து அடிப்பார்கள், அது நல்ல விஷயம், ஆனால் அந்தச் செய்தி டாக்டருக்குப் போகாது. அவர் கையில் மிஞ்சுவது நோட்டீஸ் மட்டும். அடுத்த நோயாளிக்கு "வைரல் ஃபீவர்" என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை என்பதை அவர் கற்றுக்கொள்கிறார்.

அரசு பக்கத்திலும் இதே பாடம்தான். ரெவ்யூ மீட்டிங்கில் எந்த வார்டில் எண்ணிக்கை அதிகமோ அந்த வார்டின் ஆளைத்தான் எழுப்பிக் கேள்வி கேட்பார்கள். நோய் அதிகம் இருப்பதாலும் எண்ணிக்கை கூடும், நன்றாகத் தேடியதாலும் கூடும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாத அதிகாரி ஒருவர் ஒரு மழைக்காலத்தில் ஒரு மண்டலத்தின் கண்காணிப்பையே முடக்கிவிட முடியும், எந்த உத்தரவும் எழுத்தில் போடாமல். எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும் வார்டைப் பார்த்துத்தான் நான் முதலில் கவலைப்படுவேன். சென்னையில் அக்டோபர், நவம்பரில் காய்ச்சலே இல்லாத வார்டு எப்படி இருக்க முடியும்?

மக்களின் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 2020 கோவிட் காலத்தில் வாசலில் ஒட்டிய ஸ்டிக்கரையும் தெருவை அடைத்த தகரத்தையும் யாரும் மறக்கவில்லை. நோயாளிகளின் பெயர், முகவரியோடு பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றியதும் நினைவில் இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பெண் காசநோய்ப் பதிவுக்குத் தப்பான போன் நம்பர் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது, வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வார் என்ற பயம் உண்மையானது. வரிசையில் இருபது பேர் நிற்க, சத்தமாக "அட்ரஸ் சொல்லும்மா" என்று கேட்க வேண்டிய நிலையில் செவிலியரை உட்கார வைத்தால் சரியான முகவரி எப்படி வரும்? தகவல் பாதுகாப்பு என்பதைச் சட்டப் புத்தகத்து விஷயமாக மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு திரைச்சீலையும் தனி நாற்காலியும்கூட அதில் அடக்கம்.

அதே 2020-ல் நடந்த இன்னொன்றை நல்ல முன்னுதாரணமாகச் சொல்வேன். மரணக் கணக்கில் மாநகராட்சிப் பதிவேட்டுக்கும் மாநிலப் பட்டியலுக்கும் இடையே வித்தியாசம் தெரியவந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கக் குழு போட்டார்கள். ஜூலை 22 அன்று சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்கள் கோவிட் கணக்கில் சேர்க்கப்பட்டன. இரண்டு அமைப்புகள் ஒன்றோடொன்று பேசாதபோது எவ்வளவு விடுபடும் என்பதை அது காட்டியது. விடுபட்டதை வெளிப்படையாகச் சேர்க்க முடியும் என்பதையும் காட்டியது. கீழே இருக்கும் பணியாளருக்கு இந்த இரண்டாவது செய்தி முக்கியம்: கூடுதல் எண்ணைச் சொன்னால் வானம் இடிந்து விழாது.

சென்னைக்கே உரிய சில சிக்கல்களையும் உங்கள் ஆய்வில் பாருங்கள். மண்டலம், வார்டு என்று ஊர் பிரிந்திருக்கிறது, ஆனால் நோயாளி அப்படிப் பிரிந்து நடமாடுவதில்லை. குடியிருப்பு கொருக்குப்பேட்டை, வேலை அம்பத்தூர், அட்மிஷன் ஸ்டான்லி மருத்துவமனை. திருவள்ளூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருபவர்கள் வேறு. பெரிய மருத்துவமனையில் பி படிவம் நிரப்புபவர் அடையாள அட்டையில் இருக்கும் முகவரியை அடித்துவிடுகிறார். ஆனால் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பலவற்றின் அட்டையில் பழைய கரை முகவரியே இருக்கும். அந்த முகவரியைத் தேடிப் போகும் களப்பணியாளருக்கு அங்கே இப்போது வீடே இருக்காது. பெரும்பாக்கத்தில் இன்னும் கொசு இருக்கும். இப்படி இரண்டு மூன்று முறை அலைந்தவர், போர்ட்டலில் வரும் அடுத்த பெயரை எந்த நம்பிக்கையில் தேடுவார்? அட்டை முகவரி, இப்போது தூங்கும் இடம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், புது ஆப் கொண்டுவரும் முன் பழைய பதிவு ஒன்றை எடுக்க வேண்டும் என்பதை விதியாகவே வைப்பேன். ஒருமுறை அடித்த பெயரும் எண்ணும் மற்ற அமைப்புகளுக்குத் தானாகப் போக வேண்டும். பரிசோதனைக்கூட முடிவுகளைக் கையால் மறுபடி அடிக்க வைப்பது வீண், கூடத்தின் கணினியிலிருந்தே போகட்டும். தனியார் டாக்டருக்குப் போர்ட்டல் கடவுச்சொல் வேண்டாம், ஒரு போன் எண் போதும், எடுத்துப் பேசுகிற ஆளோடு. போனை எடுப்பவர் பதிவு செய்துகொள்ளட்டும். நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும், தமிழில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே புரியும்.

இவற்றைவிட முக்கியம் பதில். ஒவ்வொரு வாரமும் மண்டலத்துக்கு ஒரு பக்கம் போதும்: யார் சொன்ன தகவலால் எந்தத் தெருவில் என்ன செய்யப்பட்டது, இன்னும் என்ன பாக்கி, எதைக் கவனிக்க வேண்டும். "நீங்கள் செவ்வாய்க்கிழமை சொன்ன மூன்று மஞ்சள் காமாலை நோயாளிகளும் ஒரே குழாய்த் தடத்தில் இருக்கிறார்கள், குழாய் மாற்றியாயிற்று" என்று ஒரு குரல் செய்தி அந்த சிஸ்டருக்குப் போனால், அடுத்த மஞ்சள் காமாலையை அவர் ராத்திரி வரைக்கும் தள்ளிப்போட மாட்டார். இதற்கு மென்பொருள் செலவு எதுவும் இல்லை. படித்துப் பார்த்து, யோசித்து, திரும்பிப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் போடத்தான் திட்டங்களில் இடம் இருப்பதில்லை.

உங்கள் ஆய்வை எப்படி அமைக்கலாம் என்பதற்கு வருகிறேன். ஏற்பு மாதிரியின் கேள்வித்தாளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சுகாதார நிலையத்தின் பதிவுகளையே சாட்சியாக எடுங்கள். நோயாளி வந்த தேதிக்கும் பதிவேறிய நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி? எந்தக் கிழமையில் பதிவுகள் குவிகின்றன? எந்தக் கட்டம் எப்போதும் காலி? புறநோயாளி ரெஜிஸ்டரில் இருக்கும் காய்ச்சல்களில் எத்தனை போர்ட்டலில் இருக்கின்றன? இந்த நான்கும் உண்மையான ஏற்பைச் சொல்லிவிடும். கண்காணிப்பு அமைப்புகளை மதிப்பிட அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2001-ல் தந்த வழிகாட்டியில் எளிமை, ஏற்புத்தன்மை, தகவலின் தரம், நேரந்தவறாமை என்று தனித்தனியாக அளவுகள் உண்டு, அவற்றை இந்தப் பதிவுகளோடு பொருத்திப் பாருங்கள். நேர்காணலில் "ஆப் பிடித்திருக்கிறதா" என்று கேட்காமல், "கடைசியாக நீங்கள் அனுப்பிய தகவலுக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பதில் "தெரியலையே" என்று வந்தால், யாரிடமிருந்து பதில் வந்திருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மருத்துவ அலுவலர் அறைக்கு வெளியே, தனியாக.

கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு மாநகராட்சி சுகாதாரத் துறையின் அனுமதியும் தனியாகத் தேவைப்படும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் இப்போதே விண்ணப்பம் போடுங்கள். களத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகாதீர்கள், முகாமும் காய்ச்சலுமாக அவர்களுக்கு நிற்க நேரம் இருக்காது. ஜனவரி கடைசியில் தொடங்கினால் மழைக்கால அனுபவம் மனதில் பசுமையாக இருக்கும், உட்கார்ந்து பேசவும் நேரம் கிடைக்கும். வட சென்னையில் ஒரு மண்டலம், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மண்டலம் என்று எடுத்தால் இரண்டு வேறு நகரங்களைப் பார்த்த மாதிரி இருக்கும், ஒப்பிடவும் நிறையக் கிடைக்கும்.